உதை மெல்ல

சனிக்கிழமை காலை பத்து மணிபோல உடுப்புக் காயவைக்கிற மெசின் நின்றுபோனது. நிற்கும்போது களைத்த மாடுபோல ஒரு பெருமூச்சு விட்டது. பிறகு அதன் நெற்றியில் இருந்த சின்னச் சிவப்பு விளக்கு மின்னத் தொடங்கியது. பெர்னடெட் கையிலிருந்த ஈரச் சாரத்தைத் தோளில் போட்டுக்கொண்டு குனிந்து எண்ணினாள். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து. விளக்கு கொஞ்சம் பொறுத்தது. மறுபடியும் ஐந்து.

"அஞ்சு," என்றாள் தனக்குள். ஐந்தை அவள் இதுவரை கண்டதில்லை.

எண்பத்தாறாம் ஆண்டுக் கார்த்திகை அது. குருநகரில் மழை பிடித்து அன்றைக்கு ஒன்பதாம் நாள். ஒழுங்கைகளில் கணுக்கால் அளவுக்குத் தண்ணீர் நின்றது. கரையில் வள்ளங்கள் கவிழ்ந்து கிடந்தன. வீட்டுக்குள்ளே குறுக்கும் நெடுக்கும் கட்டிய கொடிக்கயிறுகளில் பெட்சீற்றுகள் தொங்கின. மெசினுக்கு முறை காத்து மூன்று நாள் தொங்கியும் அவை காயவில்லை. தொட்டால் கையில் குளிர்ந்தது, மணந்து பார்த்தால் புளித்த மா வாசம் அடித்தது. அந்த வாசத்துக்கு நடுவே, உள்ளறைக் கட்டிலில், அவளுடைய கணவன் கனிசியஸ் சுவரைப் பார்த்தபடி ஒருக்களித்துக் கிடந்தார்.

ஆனி மாதத்தில், வள்ளத்து எஞ்சினைத் தோளில் வைத்துக்கொண்டு இறங்குதுறைப் படியில் சறுக்கி விழுந்தவர். நாரி, முதுகெலும்பின் அடி, முறிந்தது. இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. இரண்டு மாதம் ஆசுப்பத்திரி வாட்டில் கிடந்து வீட்டுக்கு வந்தபோது காலோடு சேர்த்துப் பேச்சையும் அங்கேயே விட்டுவிட்டு வந்தவர்போல இருந்தார். கேட்டதற்கு 'ஓம்', 'வேண்டாம்' என்ற இரண்டு சொல்தான். ஐப்பசியில் நாரியடியில் ஒரு புண் வந்தது. கிழமைக்கு ஒருமுறை சைக்கிளில் வந்து மருந்து கட்டுகிற செல்வநாயகி மிஸ்ஸி போன வியாழக்கிழமை அந்தப் புண்ணைப் பார்த்துவிட்டுப் பெர்னடெட்டைக் குசினிக்குள் கூட்டிக்கொண்டு போனார்.

"பிள்ளை, மறைக்காமல் சொல்லுறன். புண் உள்ளுக்கு இறங்கப் பாக்குது. ரெண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கால் ஆளைத் திருப்ப வேணும். கீழை விரிக்கிற சீலை மொறுமொறு எண்டு காய்ஞ்சிருக்க வேணும். ஈரம் பட்டால் எலும்பு தெரியும். வாற வியாழன் வந்து பாப்பன். இறங்கியிருந்தால் வாட்டுக்குத்தான் கொண்டு போக வேணும்."

கனிசியஸ் அதைக் கேட்டிருந்தார். மிஸ்ஸி போன பிறகு, பல நாளைக்குப் பிறகு ஒரு முழு வசனம் சொன்னார்: "வாட்டுக்குப் போனால் நான் திரும்பி வரமாட்டன்."

பயமுறுத்தவோ அழவோ அவர் அதைச் சொல்லவில்லை. நாளைக்குக் காற்று மாறும் என்று சொல்வதுபோலச் சொன்னார். பெர்னடெட் மாதாவின் படத்துக்கு முன்னால் போய் நின்று ஒரு அருள் நிறைந்த மந்திரம் சொல்லிவிட்டு, மெசினின் மேலே அடுக்கியிருந்த பேப்பர்க் கட்டுகளை இறக்கத் தொடங்கினாள்.

அந்த மெசினை ஜேர்மனியிலிருந்து அனுப்பியவன் கனிசியசின் தம்பி வின்சன்ற். மாசி மாதம் லொறியில், மரப்பெட்டியில் வந்து இறங்கியது. தான் இருந்த வீட்டில் யாரோ கழித்ததாம், நல்ல சாமானாம். பெட்டியை உடைத்து உள்ளே என்ன என்று தெரிந்தபோது பக்கத்து வீட்டு லூர்த்தம்மா விறாந்தை வாங்குப் பலகையில் இருந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"உடுப்புக் காயவைக்கிறதுக்கு மெசினோ? எடி பெர்னடெட், யாழ்ப்பாணத்திலை வெயிலுக்கே பஞ்சம் வந்திட்டுது? உவன் வின்சன்ற் பனி கண்டு மூளை விறைச்சுப் போனான். அடுத்தமுறை மீன் காயவைக்கிறதுக்கும் ஒண்டு அனுப்பச் சொல்லு. கருவாட்டுக்கு உதவும்."

அப்படிச் சிரித்தவள்தான் வியாழக்கிழமை பின்னேரம் மெசினைச் சுவரோரம் தள்ளிவிடத் தோள் கொடுத்தாள்.

மெசினோடு வந்த புத்தகம் முழுவதும் ஜேர்மன் பாசை. பெர்னடெட் கன்னியர் மடத்துப் பள்ளிக்கூடத்தில் எட்டாம் வகுப்பு வரை படித்தவள். எழுத்துத் தெரியும், பொருள் தெரியாது. கடைசிப் பக்கத்தில் ஒரு கட்டம் இருந்தது. ஐந்து வரி. ஒவ்வொரு வரியின் தொடக்கத்திலும் கறுப்புப் புள்ளிகள்: ஒன்று, இரண்டு, மூன்று என்று ஐந்து வரை. பக்கத்தில் வாய்க்குள் நுழையாத நீளச் சொற்கள். மெசின் முதல்தரம் நின்று மூன்று தரம் மின்னியபோது அவள் மூன்றாம் வரியை விரலால் தொட்டுக்கொண்டு மெசினைச் சுற்றித் தேடினாள். மேலே ஒரு லாச்சியின் பிடியில் அதே எழுத்துகள், அதே வரிசையில் இருந்தன. இழுத்தாள். உள்ளே ஒரு தட்டு நிறையத் தண்ணீர். உடுப்பிலிருந்து இறங்கிய தண்ணீர். ஊற்றிவிட்டுச் செருகினாள். மெசின் ஓடியது.

அன்றிலிருந்து அவளுக்கு அந்தப் பாசை இப்படித்தான் பிடிபட்டது. சொல்லைப் படிப்பதில்லை; முகம் பார்ப்பதுபோலப் பார்த்து, மெசினின் உடம்பில் அதன் சோடியைத் தேடுவது. கலண்டர்த் தாளின் பின்பக்கத்தில் பென்சிலால் எழுதிச் சுவரில் ஒட்டியும் வைத்தாள். 'ஒண்டு, கதவு. ரெண்டு, பஞ்சு. மூண்டு, தண்ணி.' நான்கு வரவேயில்லை. இப்போது ஐந்து. ஐந்தாம் வரிக்குச் சோடி மெசினில் எங்கேயும் இல்லை. முன்னும் மேலும் இரண்டு பக்கமும் ரோச் லைற் அடித்துப் பார்த்தாள். பிளக்கைக் கழற்றிக் கொஞ்சநேரம் விட்டுத் திரும்பப் போட்டாள். ஐந்து.

காய்ந்த பெட்சீற் இனி இரண்டுதான் இருந்தது.

மத்தியானம் லூர்த்தம்மா தலையில் ஒரு உரச்சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு, கையில் மூடிய சட்டியோடு வந்தாள். ஒடியல் கூழ். நண்டும் பயிற்றங்காயும் பலாக்கொட்டையும் போட்டது, ஆவி பறந்தது.

"கனிசியசுக்குக் குடு. உறைப்புக் குறைச்சுத்தான் போட்டனான். என்னடி உன்ரை முகம்? மெசின் செத்துப் போச்சோ?"

"சாகேல்லை அக்கா. ஏதோ சொல்லுது. எனக்குத்தான் விளங்கேல்லை."

"அப்ப அந்தச் சீலையளைத் தா. நான் கொண்டு போறன்."

"வேண்டாம்." பெர்னடெட் சட்டென்று கொடியை மறைத்துக்கொண்டு நின்றாள். "கழுவினதுதான். ஆனால் கறை போகேல்லை. அதுகளை மற்றவைக்குக் காட்ட ஏலாது அக்கா. அவருக்குத் தெரிஞ்சால் தாங்க மாட்டார்."

லூர்த்தம்மா அவளை ஒருதரம் பார்த்தாள். பிறகு அவளுக்குப் பக்கத்தால் கையை நீட்டி, கொடியிலிருந்த ஐந்து சீலைகளையும் உருவி, உரச்சாக்குக்குள் அடைத்தாள்.

"நான் ஏழு பெத்தவள். நாலு கிழடுகளைப் பாத்து அடக்கம் பண்ணினவள். எனக்குக் கறை காட்டிறாவாம்."

மழைக்குள் இறங்கிப் போய்விட்டாள். பெர்னடெட் வாசலில் நின்று கூப்பிட்டாள், அவள் திரும்பவில்லை.

பின்னேரம் சீலைகள் வந்தன. மடித்து, பழைய பேப்பரில் சுற்றி, சூட்டோடு. சந்தியில் பேக்கரி வைத்திருக்கிற செபநாயகம், மாச்சாக்குகள் ஈரம் பிடிக்காமல் வைக்கிற பின்னறையில், பாண் சுடுகிற போறணைச் சுவரோடு கயிறு கட்டித் தொங்கவிட்டாராம். யாருடையது என்று கேட்கவில்லையாம். 'நாளைக்கும் கொண்டு வாங்கோ, ஆனால் விடியமுன்னம் ஏலாது, அப்ப பாண் வேகிற நேரம், புகை பிடிக்கும்' என்று மட்டும் சொன்னாராம்.

பெர்னடெட் ஒரு சீலையை விரித்துக் கணவனைத் திருப்பிக் கிடத்தினாள். அவர் மூக்கை உறிஞ்சினார்.

"பாண் மணக்குது," என்றார்.

அவள் சீலையின் ஓரத்தை இழுத்துச் செருகினாள். அவர் மேலே கேட்கவில்லை. ஆனால் அன்றைக்குக் கூழில் ஒரு கோப்பையை முழுதாகக் குடித்தார்.

பேக்கரி தருகிற சூடு ஒரு நாளைக்கு ஐந்து சீலைக்குக் காணும். தேவைப்பட்டதோ பத்து, பன்னிரண்டு. மெசின் பேசியே ஆகவேண்டும். இரண்டு கிழமைக்கு ஒருமுறை, ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்த கையோடு, வின்சன்ற் கோயில் மிசன் வீட்டுக்கு ரெலிபோன் எடுப்பான். அந்த ஞாயிறு அவன் எடுக்கிற முறை. ஆனால் அதே நேரம் கனிசியசைத் திருப்புகிற நேரமாயும் இருந்தது. பெர்னடெட் பூசைக்குப் போகிற லூர்த்தம்மாவிடம் ஒரு துண்டுக் கடதாசி கொடுத்தாள்.

"அஞ்சுதரம் மின்னுது, என்ன செய்யிறது. இவ்வளவுதான் கேக்க வேணும் அக்கா. அவன் சொல்லுறதை அப்பிடியே வந்து சொல்லுங்கோ. ஒரு சொல்லும் விடாதையுங்கோ."

"நான் என்ன சின்னப்பிள்ளையே?"

ஒன்பதரைக்கு லூர்த்தம்மா திரும்பி வந்தாள். பூசைக்கு உடுத்த சீலையை முழங்கால் வரை தூக்கிச் செருகியிருந்தாள். முகத்தில் ஒரு தீர்மானம் இருந்தது.

"அவன் உதைக்கச் சொல்லுறான்."

"என்னது?"

"மெசினை. பின்பக்கம், கீழை, வலப்பக்கம். உதைக்கட்டாம்."

"உதைக்கிறதோ? காலாலையோ?"

"பின்னைக் கையாலையோ உதைக்கிறது? நானும் நம்பேல்லை. 'என்ன மோனை சொல்லுறாய்' எண்டு திரும்பக் கேட்டனான். 'உதை மெல்ல' எண்டான். கவனி, மெல்ல. ஆக்ரோசமாயில்லை. வா, இழுப்பம்."

இருவருமாக மெசினை இழுத்துத் திருப்பினார்கள். பெர்னடெட்டுக்கு மனம் ஒப்பவில்லை. ஆனால் ஜேர்மன்காரரின் மெசின், ஜேர்மனியில் இருக்கிறவன் சொல்கிறான். ஒரு சிலுவை போட்டுக்கொண்டு, பின்பக்கம் கீழே வலது மூலையில், பூனையைத் தள்ளுவதுபோலக் காலால் ஒரு தட்டுத் தட்டினாள். பிளக்கைப் போட்டு ஓடிவந்து பார்த்தாள். ஐந்து.

"உது உதையோ? தள்ளு, நான் பாக்கிறன்," என்று லூர்த்தம்மா வாங்கைப் பிடித்துக்கொண்டு ஒன்று விட்டாள். வீடு அதிர்ந்தது. மாதாவின் படம் ஆணியில் சரிந்தது.

விளக்கு மின்னியது. ஒன்று, இரண்டு, மூன்று. பொறுத்தது. மூன்று.

"பாத்தியே, ரெண்டு குறைஞ்சிட்டுது," என்றாள் லூர்த்தம்மா. "இன்னும் ஒண்டு விட்டால் ஒண்டுக்கு வந்திடும். என்ரை பெருவிரல்தான் போச்சு."

"நில்லுங்கோ அக்கா. மூண்டு எண்டால் தண்ணி." பெர்னடெட் தண்ணீர்த் தட்டை இழுத்துப் பார்த்தாள். தட்டு வெறுமை. உதையில் லாச்சி வெளியே சறுக்கியிருந்தது, அவ்வளவுதான். சரியாகச் செருகினாள். விளக்கு மறுபடி ஐந்துக்குப் போனது.

லூர்த்தம்மா வாங்கில் உட்கார்ந்து விரலைத் தடவினாள். பெர்னடெட் நிலத்தில் உட்கார்ந்தாள். வியாழனுக்கு இன்னும் நாலு நாள். மழை ஓட்டில் கொட்டிக்கொண்டிருந்தது.

அப்போது உள்ளறையிலிருந்து குரல் வந்தது.

"இஞ்சாரும். லூர்த்தக்காவை இஞ்சை வரச் சொல்லும்."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். கனிசியஸ் யாரையும் கூப்பிட்டு எத்தனையோ மாதம். லூர்த்தம்மா நொண்டிக்கொண்டு போய்க் கட்டிலடியில் நின்றாள்.

"அக்கா, தம்பி என்ன சொன்னவன்? அவன்ரை வாயிலை வந்ததை அப்பிடியே சொல்லுங்கோ. உங்கடை கதை வேண்டாம்."

"என்ரை கதை என்ன கதை? 'பின்பக்கம், கீழை, வலப்பக்கம், ஒரு சின்ன மூடி' எண்டான்."

"மூடியோ? நீங்கள் மூடி எண்டு சொல்லேல்லையே அக்கா," என்றாள் பெர்னடெட்.

"அது முக்கியமே? உதைக்கிறதுக்கு மூடி என்னத்துக்கு? பிறகு கடல் இரையிற மாதிரிக் கொர்ரெண்டு சத்தம். பிறகு 'உதை' எண்டான். நான் 'என்ன' எண்டன். 'உதை மெல்ல, அ' எண்டான். அதோடை லைன் அறுந்து போச்சு."

கனிசியஸ் கண்ணை மூடினார். அவருடைய தோள் ஆடியது. நோகிறதாக்கும் என்று பெர்னடெட் பதறிக் கிட்டப் போனாள். அவர் சிரித்துக்கொண்டிருந்தார். சத்தம் வராத, மூச்சுப் பிடிக்கிற சிரிப்பு. கண்ணால் தண்ணீர் வழிந்தது.

"காலாலை உதைக்கிற உதையில்லை அக்கா. இதை, அதை, உதை. உங்களுக்குக் கிட்ட இருக்கிற உதை. 'உதை மெல்ல அமத்து' எண்டு சொல்ல வந்திருப்பான். மூடிக்குள்ளை ஏதோ அமத்துறது இருக்கு. ஜேர்மனிக்குப் போயும் அவன் உது, உவன், உங்கை எண்டதை விடேல்லை. நீங்கள் அந்த ஏழை மெசினுக்குச் சாத்தியிருக்கிறியள்."

"லைன் நல்லாயிருந்தால் நான் ஏன் சாத்திறன்?" என்றாள் லூர்த்தம்மா. ஆனால் அவளும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே முந்தானையால் கனிசியசின் கன்னத்தைத் துடைத்துவிட்டாள்.

பின்பக்கம் கீழே, உதை விழுந்து நெளிந்த தகட்டுக்கு ஒரு சாண் மேலே, நகத்தளவு மூடி ஒன்று இருந்தது. அதன் பக்கத்தில் நுணுக்கி அச்சடித்த ஒரு சொல். பெர்னடெட் புத்தகத்தைப் பிடித்துப் பார்த்தாள். ஐந்தாம் வரியின் முதற்சொல், எழுத்துக்கு எழுத்து அதேதான். மீன் வெட்டுகிற கத்தியின் நுனியால் மூடியைக் கிளப்பி, உள்ளே இருந்த சிவப்புப் பொத்தானைச் சின்னிவிரலால் அமத்தினாள். டிக் என்றது.

மெசின் ஓடியது. லூர்த்தம்மா யேசுவுக்குத் தோத்திரம் சொன்னாள். பத்து நிமிசம் ஓடியது. பிறகு பழைய பெருமூச்சு. ஐந்து.

இன்னொரு முறை அமத்தினாள். பத்து நிமிசம். ஐந்து.

"காணும் பிள்ளை, விடு. பேக்கரியிருக்கு, நானிருக்கிறன்," என்றாள் லூர்த்தம்மா.

"அக்கா, நீங்கள் இருக்கிறியள். ஆனால் ஒரு நாளைக்குப் பன்னிரண்டு சீலை." பெர்னடெட் மெசினின் மேல் கையை வைத்தாள். தகடு கொதித்தது. "இதுக்குக் காய்ச்சல். பொத்தான் பனடோல் மாதிரி. குடிச்சால் கொஞ்சநேரம் நிக்கும். காய்ச்சல் ஏன் வருது எண்டு பாக்க வேணும்."

ஐந்தாம் வரியில் இரண்டு சொல் இருந்தது. முதலாவது பொத்தான். இரண்டாவது எங்கே? திங்கட்கிழமை காலை, கனிசியசைக் கழுவித் திருப்பி, பாணும் சம்பலும் கொடுத்துவிட்டு, அவள் நிலத்தில் முழுதாகப் படுத்துத் தேடினாள். முன்பக்கம் அடியில், நிலத்தோடு ஒட்டிய ஒரு தகட்டை அலங்காரம் என்றுதான் அதுவரை நினைத்திருந்தாள். அதன் உள்விளிம்பில், படுத்தால் மட்டுமே தெரிகிற இடத்தில், அந்த இரண்டாம் சொல் இருந்தது. தகட்டைத் திருகிக் கழற்றினாள். உள்ளே தேன்வதைபோல அடுக்கடுக்கான ஒரு பெட்டி. இழுத்தபோது அது வரமறுத்து, பிறகு ஈரக் கம்பளித் துண்டுபோல எதையோ இழுத்துக்கொண்டு வந்தது.

பஞ்சு. பழைய சாரங்களை அவித்து அவித்துத் தோய்த்ததில் கழன்ற நூல், கிழித்துத் தைத்த மாச்சாக்குச் சீலைகளின் தும்பு, எல்லாம் முன்பே உள்ளே கிடந்த பழைய பஞ்சோடு சேர்ந்து காற்றுப் போகிற வழியை அடைத்திருந்தன. மேலே இருந்த பஞ்சு வடியைத்தான் அவள் ஒவ்வொரு முறையும் துடைத்தாள். கீழே இன்னொன்று இருப்பது அவளுக்குத் தெரியாது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்த் தாழ்வாரத்துக் கூரைத் தண்ணீரின் கீழே பிடித்தாள். சாம்பல் நிறத்தில் ஓடிய தண்ணீர் கடைசியில் தெளிந்தது. பதினொரு நாளாக வெயிலை மறைத்த மழை இப்போது ஊழியம் செய்தது.

செருகினாள். பொத்தானை அமத்தினாள். பத்து நிமிசம் போனது. கால்மணி, அரைமணி. அவள் செபமாலையின் ஐம்பத்துமூன்று மணியையும் சொல்லி முடித்தாள். கதவைத் திறந்தபோது சாரம் அப்பளம்போல வந்தது.

"இஞ்சாரும்," என்றார் கனிசியஸ். "கட்டிலை முன்னறைக்கு இழுத்துவிட ஏலுமோ?"

"ஏன், குளிருதோ?"

"இல்லை. நீர் கிணத்தடியிலை நிக்கேக்கை அது மின்னினால் ஆர் எண்ணுறது? நான் சும்மாதானே கிடக்கிறன்."

லூர்த்தம்மாவையும் செபநாயகத்தையும் கூப்பிட்டுக் கட்டிலை முன்னறைக்கு மாற்றினார்கள். செபநாயகம் கையில் மாவோடு வந்து மாவோடு போனார்; சீலைகளைப் பற்றி ஒரு சொல் சொல்லவில்லை. கட்டிலிலிருந்து பார்த்தால் விளக்கு நேரே தெரிந்தது. செவ்வாயும் புதனும் வீட்டுக்குள் எண்கள் கேட்டன. "ரெண்டு. பஞ்சு." "ஒண்டு. கதவு சரியாய்ச் சாத்தேல்லை." இரண்டு மணித்தியாலம் ஆனதும் அவரே ஞாபகப்படுத்தினார்: "என்னைத் திருப்புற நேரம்." போன கிழமை வரை திருப்ப வந்தால் கண்ணை மூடிக்கொண்டவர், இப்போது கட்டில் சட்டத்தைப் பிடித்துத் தன் பங்குக்கு இழுத்தார்.

வியாழக்கிழமை செல்வநாயகி மிஸ்ஸி வந்தபோது மழை தூறலாகக் குறைந்திருந்தது. குடையை வாசலில் விரித்து வைத்துவிட்டு, கையைச் சவுக்காரம் போட்டுக் கழுவி, கட்டுத்துணியை மெல்ல மெல்ல உரித்தார். பெர்னடெட் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மிஸ்ஸி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்தார். பிறகு விரிப்பைத் தடவிப் பார்த்தார். விரல்களை ஒன்றோடொன்று உரசிப் பார்த்தார்.

"இந்த மழைக்குள்ளை எப்பிடி?" என்றார். பிறகு, "இறங்கேல்லை. ஓரம் சிவந்து வருது. நல்ல சதை. மாறக் காலம் எடுக்கும், ஆனால் மாறும். இப்பிடியே வைச்சிருந்தால் வாட்டுக்குப் போகத் தேவையில்லை."

பெர்னடெட் கட்டில் சட்டத்தை விட்டாள். கை விறைத்திருந்தது.

"மூண்டு," என்றார் கனிசியஸ்.

"என்ன மூண்டு?" என்றார் மிஸ்ஸி.

பெர்னடெட் போய்த் தண்ணீர்த் தட்டை உருவிக்கொண்டு பின்கதவால் இறங்கினாள். கிணற்றடி வாழைக்கு அதை ஊற்றினாள். உள்ளே அவருடைய குரல் கேட்டது.

"தண்ணி நிறைஞ்சிட்டுது மிஸ்ஸி. உதிலை பாருங்கோ, சிவப்பு லைற். ஒண்டு எண்டால் கதவு. ரெண்டு எண்டால் பஞ்சு. அஞ்சு எண்டால் அதுக்குக் காய்ச்சல். அது ஒரு பெரிய கதை. என்ரை தம்பி ரெலிபோனிலை சொல்லப் போய், லூர்த்தக்கா..."

சொல்லிக்கொண்டே போனார். இடையில் மிஸ்ஸி சிரிக்கிற சத்தம் கேட்டது. மெசின் தட்டுக்காகக் காத்திருந்தது. காயவேண்டிய சீலையும் கிடந்தது. ஆனாலும் பெர்னடெட் உடனே உள்ளே போகவில்லை. அவர் கதையைச் சொல்லி முடிக்கட்டும் என்று, வெறும் தட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு தூறலில் நின்றாள்.